பெருக்கல் குறி போட்ட வீடு

என் தங்கச்சியைக் கொன்றது நீங்கள்தான். ஜீப்பில் வந்து எங்கள் வீட்டுச் சுவரில் காவியால் ஒரு குறி போட்டுவிட்டு, அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு ஆளிடம்கூடச் சொல்லாமல் போனவர்களைச் சொல்கிறேன். அவர்களை அனுப்பிவைத்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களில் உயிரோடு இருப்பவர்கள் பென்ஷன் வாங்கிக்கொண்டு காலையில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருப்பீர்கள். இதைப் படித்துவிட்டு நடங்கள்.

என் வயதுக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நாம் நாலு பேர் கல்யாண வீட்டில் கூடினால், அந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது, அப்பாவிகள் என்று பேசிச் சிரிக்கிறோம். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்த ஜனங்களுக்கு நடுவில் நான் ஒரு பங்குனியிலிருந்து ஆனி வரைக்கும் குறி போட்ட வீட்டுக்குள் இருந்தவள்.

எங்கள் ஊர் அன்னவாசலுக்கு அந்தப் பக்கம். மண்சுவர், ஓலைக்கூரை, தெருவுக்கு ஒரு வேப்பமரம். அப்பா கல் உடைக்கிறவர். அந்த மாசியில் அவருக்கு மாரியம்மன் கோயிலுக்குப் பேர்போன நார்த்தாமலைப் பக்கம் குவாரியில் வேலை வந்தது. சின்னம்மா வீடு அங்கே இருந்தது. அம்மா மாசமாக இருந்ததால் தனியாக விட வேண்டாம் என்று எங்கள் இருவரையும் அப்பா கூடவே கூட்டிக்கொண்டு போனார். வீட்டைப் பூட்டிச் சாவியை அம்மா தாலிக்கயிற்றில் முடிந்துகொண்டாள். நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

வேலை முடிந்து பங்குனியில் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி மூட்டையோடு ஊருக்குள் நடந்தபோதே எனக்கு ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு வாசல் பக்கத்திலும் சுவரில் காவியால் ஒரு குறி. வாத்தியார் சிலேட்டில் கணக்கு சரியாக இருந்தால் போடுவாரே, அந்த டிக். நான் எல்லாச் சுவரையும் பார்த்துக்கொண்டே வந்தேன். சரி, சரி, சரி. எங்கள் வீட்டில் மட்டும் பெருக்கல் குறி. பெரிதாக, என் நெஞ்சு உயரத்தில், தூரிகையை அழுத்தி இழுத்திருந்தார்கள். கீழ் முனைகள் இரண்டும் வழிந்து காய்ந்திருந்தன.

என்கூடப் படித்த பையன் ஒருவன் தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் விளையாட்டை நிறுத்தாமலே சொன்னான்.

"எங்க வீடு பாஸு. ஒங்க வீடு பெயிலு."

"எதுல பெயிலு?"

"அது தெரியாது. ஜீப்புல வந்து எல்லாத்தையும் சட்டையக் கழட்டச் சொல்லி முதுகப் பாத்தாங்க. கையப் பாத்தாங்க. அப்பறம் போட்டுட்டுப் போயிட்டாங்க."

அவ்வளவுதான் ஊருக்கே தெரியும். முதுகைப் பார்த்தார்கள், கையைப் பார்த்தார்கள். என்ன வியாதியைத் தேடினார்கள், ஏன் தேடினார்கள், யாருக்கும் தெரியாது.

மறுநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா வந்தாள். தினமும் அடுப்புக்கு நெருப்பு வாங்கக் கொட்டாங்கச்சியோடு நேராக அடுப்படி வரைக்கும் வருகிறவள் அவள். அன்றைக்கு நடுத்தெருவில் நின்றாள்.

"ஏம்ப்பா, வீட்ல எல்லாரும் சொகமாத்தான இருக்கீங்க?"

"நல்லாத்தான் இருக்கோம். ஏன் அங்கயே நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றார் அப்பா.

"நல்லாத்தான் இருப்பீங்க. இருக்கணும். அந்தத் தாயி எல்லையில தங்கிட்டு வந்துருக்கீக. வேற மாதிரி சொல்லவும் கூடாது."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வாரேன் என்று சொல்லவில்லை. அம்மா வாசலில் கையை ஊன்றிக்கொண்டு அவள் போவதையே பார்த்தாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

உங்களுக்கும் புரியும். தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அந்த வீட்டுக்குள் மாரியாத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். வெளியாள் உள்ளே போகக் கூடாது. போனவர்கள் கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, சொன்னால் அவளும் கூடக் கிளம்பி வந்துவிடுவாள். பக்கத்து வீடுகளில் எண்ணெய் காய்ச்சித் தாளிக்கக் கூடாது. முக்கியமாக, அதை வியாதி என்று வாயால் சொல்லக் கூடாது. கேட்டால் நல்லாயிருக்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் அவள் போய்விடுவாள். வேப்பிலையை எடுத்துவிடலாம்.

வாசலில் குறி என்றால் ஊருக்குத் தெரிந்த பாடம் அது ஒன்றுதான். நாங்கள் வந்ததோ மாரியாத்தா ஊரிலிருந்து. நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் உறுதியாகிக்கொண்டே போனது. வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று நானும் இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

எங்களை யாரும் திட்டவில்லை. கல்லெறியவில்லை. விடிந்தால் வாசற்படியில் ஒரு செம்பு கூழ் இருக்கும். இளநீர் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாது. எங்கள் கூரை ஓரத்தில் யாரோ வேப்பங்குழை செருகியிருந்தார்கள். அந்தப் பெருக்கல் குறியின் நாலு முனையிலும் மஞ்சள் பொட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர்க்குடத்தோடு போகிற பெண்கள் எங்கள் வாசலுக்கு நேரே வந்ததும் பேச்சை நிறுத்துவார்கள். சிலர் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒருத்தி மெதுவாகச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

"தாயே, இங்கயே இருந்துக்க. எங்க வீட்டுப் பக்கம் வந்துராத."

தெருவில் தாளிக்கிற வாசனை நின்றுபோனது. கடுகு வெடிக்கிற சத்தம் இல்லை, மிளகாய் வறுக்கிற நெடி இல்லை, யாரும் தும்மவில்லை. பிள்ளைகளை அதட்டுகிற சத்தம்கூட எங்கள் வீட்டருகே வந்தால் தணிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து பாடம் கேட்கச் சொன்னார். படித்த மனிதர். "மேலேர்ந்து ஆள் வந்து சொல்ற வரைக்கும் அங்கிட்டு இரும்மா" என்றார். மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது.

அப்பா ஊர் அம்பலத்திடம் போய்க் கேட்டார். எங்கள் பக்கம் ஊர்த்தலைவரை அம்பலம் என்போம். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்பலம் தன் வாசலிலேயே எங்களை நிறுத்தினார்.

"அழிச்சுரலாமுங்களா?" என்று கேட்டார் அப்பா.

"கெவருமெண்டு போட்டதுடா. நீ அழிச்சா ஒம் மேல கேசு வரும். போட்டவுக வந்து அழிப்பாக."

"எப்ப வருவாகன்னு சொன்னாங்களா?"

"சொல்லல. வராமயா போயிருவாக?"

அப்பா பொறுக்கவில்லை. மறுநாள் சுண்ணாம்பு கரைத்துச் சுவரில் அடித்தார். குறி மறைந்தது. அம்மா அன்றைக்குச் சிரித்தாள். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து சுவர் நனைந்து காய்ந்தது. சுண்ணாம்புக்கு அடியிலிருந்து அது மெல்ல மேலே வந்தது. முதலில் இளஞ்சிவப்பாக ஒரு கை, பிறகு இன்னொரு கை. காவியின் குணம் அது, மெல்லிய சுண்ணாம்பைக் குடித்துக்கொண்டு மேலே வரும். இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குத் தெரு முழுக்க நடுவில் நின்று அதைப் பார்த்தது. மறுபடி அடிக்க எடுத்த சுண்ணாம்பு மட்டையை அப்பா கீழே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு அவர் அதைத் தொடவே இல்லை.

ஒரு நாள் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனார். அங்கே என்ன நடந்தது என்று பின்னால் அம்மாவிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். குறி போட்டவர்கள் நாங்கள் இல்லை, அது வேறு ஆபீஸ் என்று ஒருவர் சொன்னாராம். எந்த ஆபீஸ் என்று கேட்டதற்கு, புதுக்கோட்டையில் போய்க் கேள் என்றாராம். அப்பா நகராமல் நின்றிருக்கிறார். மருந்து கொடுக்கிறவர் எரிச்சலில் சிவப்பு மாத்திரை கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, "தெனம் ஒண்ணு போடு, தெம்பா இருக்கும், கெளம்பு" என்று அனுப்பிவிட்டார்.

அப்பா அந்தப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஊருக்குள் வந்தார். டீக்கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"மாத்திர குடுத்துருக்காங்க பாத்தியா" என்றார் ஒருவர்.

"ஒண்ணுமில்லாமயா குடுப்பாக?"

அந்தக் கேள்வியை அப்பாவும் தனக்குள் கேட்டுக்கொண்டார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் அந்த மாத்திரைகளைத் தின்ன ஆரம்பித்தார். தினமும் காலையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

அம்மாவும் மாறினாள். வெயில் உள்ளே விழுகிற நேரம் பார்த்து என்னை நிறுத்தி, பாவாடையை அவிழ்த்து, முதுகிலிருந்து பாதம் வரைக்கும் தடவித் தடவிப் பார்ப்பாள். விரல் நகத்தால் கிள்ளி, வலிக்கிறதா என்பாள். வலிக்கிறது என்று சொன்னாலும் நம்பாமல் இன்னொரு இடத்தில் கிள்ளுவாள். தன் வயிற்றையும் அப்படிக் கிள்ளிப் பார்த்துக்கொள்வாள். மூலையில் ஒரு மண்கலயத்தில் தண்ணீர் ஊற்றி வேப்பிலை போட்டு வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் நாங்கள் மூன்று பேரும், வீட்டில் இன்னொரு ஆள் படுத்திருப்பது மாதிரி அந்த மூலையைச் சுற்றிக்கொண்டு நடக்கப் பழகிவிட்டோம். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தோம். ஒரு மத்தியானம் அம்மா என்னுடன் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று மூலையைத் திரும்பிப் பார்த்து, "இந்தா வாரேன்" என்றாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகமாக இருந்த வீடு அது. காய்ச்சல்கூட இல்லாத வீடு.

ஆனி மாதம் உச்சிவெயிலில் அம்மாவுக்கு வலி எடுத்தது. அப்பா பக்கத்துக் குவாரிக்கு வேலைக்குப் போயிருந்தார். நான் ஓடிப்போய் மருத்துவச்சி ஆயாவைக் கூப்பிட்டேன். எங்கள் ஊரில் பாதிப்பேர் அவள் கையில் பிறந்தவர்கள், நானும்தான். அவள் உடனே கிளம்பி என் பின்னாலேயே வந்தாள். வாசலுக்கு வந்தவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். சுவரைப் பார்த்தாள். காலை எடுத்துக்கொண்டாள்.

"உள்ள வா ஆயா."

"தாயி, நான் உள்ள வந்துட்டு இன்னொரு புள்ளத்தாச்சியத் தொட முடியாது. இந்த மாசம் ஊர்ல இன்னும் ரெண்டு பேரு இருக்காளுக. நான் இங்கேயே நின்னு சொல்றேன். நீ செய்யி."

தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கதவுகளுக்குப் பின்னால் ஆள் நிற்பது எனக்குத் தெரிந்தது. யாரும் இருமக்கூட இல்லை.

அவள் வெளியிலிருந்து சொன்னாள், நான் உள்ளே செய்தேன். துணியை எடு. அம்மாவைச் சுவரில் சாயவை. காலை அகட்டச் சொல். தலை தெரியுதா? தெரியுது ஆயா. முக்கச் சொல்லு. அவள் குரல் வெயிலில் தெளிவாகக் கேட்டது, பக்கத்தில் நிற்பது மாதிரியே. அம்மா கத்தவில்லை. அம்மை கண்ட வீட்டில் கத்தக் கூடாது என்று துணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல கொடி சுத்தியிருக்கா பாரு."

"சுத்தியிருக்கு."

"வெரல உள்ள விட்டுத் தூக்கி தலைக்கு மேல எடு. மெதுவா."

என் விரல் அதற்கடியில் போகவில்லை. வழுக்கியது. இறுகியிருந்தது. நான் அவளைக் கூப்பிட்டேன். வா ஆயா, வா ஆயா என்று கூப்பிட்டேன். அப்புறம் பிள்ளை முழுக்க வந்துவிட்டது. கருநீலமாக இருந்தது. பெண்.

"அழுவுதா?" என்றாள் வெளியிலிருந்து.

"இல்ல."

"தலகீழாப் புடிச்சு முதுகுல தட்டு. அழுவுதா?"

"இல்ல ஆயா."

"மூக்குல ஊது. அழுவுதா தாயி?"

நான் பிள்ளையை அம்மா பக்கத்தில் கிடத்தினேன். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்தாள். அவள் அழுத சத்தம் கேட்டது. கொடியை அறுக்கவும் அம்மாவைத் துடைக்கவும் அழுதுகொண்டே சொல்லிக்கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் எழுந்து போனாள். சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ளக் கூடாது.

அப்பா வந்து பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார்.

அடுத்த நாள் காலையில் என்ன நடந்தது என்பதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. ஊர்ப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பித்தளைக் குடங்களில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. எதிர்வீட்டுப் பெரியம்மாதான் முன்னால் நின்றாள். வரிசையாக எங்கள் சுவரில், அந்தக் குறியின் மேல், ஊற்றினார்கள். தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார்கள். சுண்ணாம்பும் காவியும் மண்ணும் சேர்ந்து கரைந்து வாசலில் ஓடியது. அத்தனை நாள் தொடப் பயந்த குறி அரை மணி நேரத்தில் போய்விட்டது.

"எடுத்துக்கிட்டா. வந்த வேல முடிஞ்சுபோச்சு" என்றாள் பெரியம்மா. அவள் உள்ளே வந்தாள். அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உண்மையான பாசத்தோடுதான் செய்தாள். "இனி ஒண்ணும் இல்ல ஆத்தா. போயிட்டா. இனி நாங்க இருக்கோம்."

அன்று மத்தியானம் எதிர்வீட்டில் கடுகு வெடித்தது. பிறகு அடுத்த வீட்டில். தெரு முழுக்க மிளகாய் நெடி வந்து எனக்குத் தும்மல் வந்தது. அம்மா அந்த வாசனையை முகர்ந்தபடி கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஊருக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லவில்லை. என் தங்கச்சியை முடிவாக வைத்துக்கொண்டார்கள்.

பல வருஷம் கழித்து, என் மகன் கல்யாணப் பந்தியில், சம்பந்தி வீட்டுப் பக்கம் ஒரு பெரியவர் எனக்கு எதிர் இலையில் உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் கிராமம் கிராமமாக வீடு பார்க்கப் போன உத்தியோகம் என்றார். நான் கேட்டேன்.

"காவியில டிக்கு, பெருக்கல் எல்லாம் போடுவீங்களே?"

"ஆமா. தோல் வியாதி சர்வே. டிக் போட்டா பாத்தாச்சுன்னு அர்த்தம். பெருக்கல் போட்டா வீடு பூட்டியிருந்துச்சு, திரும்ப வரணும்னு அர்த்தம்."

"வியாதி இருந்தா?"

"வியாதி இருந்தா சுவத்துல போடுவமா? அந்தக் குடும்பத்துக்கு அசிங்கம்ல. அத எங்களுக்குள்ள வச்சுக்குவோம்."

"பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்ப வந்தீங்களா?"

"எங்கிட்டுங்க வர்றது? இருந்தது ஒரே ஜீப்பு." ரசம் ஊற்ற வந்தவனுக்குக் கையைக் குழித்துக் காட்டினார்.

"குறிக்கு என்ன அர்த்தம்னு ஊர்ல சொன்னீங்களா?"

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அது எங்களுக்காகப் போடுறதுங்க. ஊருக்கு எதுக்கு?"

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். அந்த ஆள்மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை, அவர் எங்கள் ஊருக்கு வந்தவரா என்பதுகூடத் தெரியாது. அவர் சொன்ன கடைசி வார்த்தைமேல்தான் கோபம். ஊருக்கு எதுக்கு. சுவர் எங்களுடையது. முதுகு எங்களுடையது. அர்த்தம் மட்டும் உங்களுடையது.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லாதீர்கள். கொரோனாவில் வீட்டுக்கு வீடு தகரம் அடித்தீர்கள். அடிக்க வந்த ஆளைக் கேட்டால், அடிக்கச் சொன்னார்கள் என்றான். போன மாதம் எங்கள் தெருவுக்கு இரண்டு பெண்கள் போனோடு வந்து ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், கதவில் ஒரு வட்டம் ஒட்டினார்கள். எனக்கு மஞ்சள்.

"மஞ்சள்னா என்னம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலங்கம்மா. போன்ல மஞ்சள்னு காட்டுச்சு. ஒட்டிட்டோம்."

"பச்சைக்கு?"

"ஆபீஸ்ல கேளுங்க."

கடைசி வீட்டில் சிவப்பு. புதிதாகக் குடிவந்த டிரைவர் குடும்பம். வட்டம் ஒட்டிய மறுநாள் அந்த வீட்டுப் பையனோடு யாரும் விளையாடவில்லை. பால்காரர் பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போகிறார். பக்கத்து வீட்டு மருமகள், கம்ப்யூட்டர் படித்தவள், என்னிடம் வந்து கேட்கிறாள்: "அம்மாச்சி, பாப்பாவ அங்கிட்டு விடலாமா? நெட்டுல பாத்தேன், செவப்புன்னா ரிஸ்க்குன்னு இருக்கு." யாருக்கு ரிஸ்க் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நான் தட்டில் முறுக்கு எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். அந்த டிரைவர் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா வியாதி?" என்று கேட்டாள். என்னிடம் கேட்கிறாள்.

இந்த வட்டங்களை ஒட்டச் சொல்லிவிட்டு இப்போது ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே, உங்கள் பெயரை எழுத மாட்டேன், உங்களுக்கே தெரியும். அடுத்த கிராம சபைக்கு நீங்கள் வர வேண்டும். ஆளை அனுப்பக் கூடாது, துண்டறிக்கை அனுப்பக் கூடாது. பள்ளிக்கூடத்து மைதானத்தில் மைக் இருக்கும், ஊரே இருக்கும், அந்த டிரைவர் பெண்டாட்டியை நான் முன்வரிசையில் உட்காரவைப்பேன். பச்சைக்கு என்ன அர்த்தம், மஞ்சளுக்கு என்ன அர்த்தம், சிவப்புக்கு என்ன அர்த்தம், சிவப்பு வீட்டுக்கு யார் திரும்பி வருவார், அவர் வராவிட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று அவள் எழுந்து கேட்பாள். மைக்கைக் கையில் வாங்கி, அவளைப் பார்த்து, கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்படி நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.